எட்டுப் பெண்கள் எத்தனை ஆள்

பாளையங்கோட்டை
12-6-2025

அன்பு மருமகள் மாரிசெல்விக்கு மாமா நம்பிராஜன் எழுதுவது.

இக்கடிதத்தில் வரும் செய்திகள்:

1. இங்குள்ளவர்களின் உடல்நிலை
2. நீ கேட்ட பதினேழாம் கணக்கு
3. பிழை யாருடையது
4. இனிச் செய்யத்தக்கது

முதலாவது. எனக்கு இரத்த அழுத்தம் மாத்திரையில் அடங்கியிருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி; ஆனாலும் நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். மாடத்தி நன்றாக இருக்கிறாள். நீ இளைத்துவிட்டதாக யாரோ சொன்னார்களாம், அதுதான் அவளுக்கு மனக்குறை. உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும்.

இரண்டாவது. தொலைபேசியில் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். நீ பேசிய வேகத்துக்கு "சரி, சரி" என்றுதான் சொல்ல முடிந்தது. நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். உன் கம்பெனியில் வேலை செய்யும் பட்டதாரிகளுக்காக ஒரு கல்லூரி, வார இறுதி எம்.பி.ஏ. வகுப்பில் இரண்டு இடங்கள் ஒதுக்கியிருக்கிறது. அதற்கான நுழைவுத் தேர்வை ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஒரு பயிற்சி மையம் நடத்தியது. நூறு கேள்விகள், நூறு மதிப்பெண். உன் தோழி ஐஸ்வர்யாவுக்கு 70. சக்திகுமார் என்பவருக்கு 62. உனக்கு 61. ஒரு மதிப்பெண்ணில் இடம் போயிற்று. அந்த ஒரு மதிப்பெண் பதினேழாம் கேள்வி என்கிறாய்.

கேள்வி இது: "எட்டு ஆட்கள் ஒரு வேலையைப் பதினைந்து நாட்களில் முடிப்பர். இரண்டு ஆண்களும் எட்டுப் பெண்களும் சேர்ந்து செய்தால் அதே வேலை எத்தனை நாட்களில் முடியும்? (அ) 10 (ஆ) 12 (இ) 16 (ஈ) 20." நீ 12 என்று எழுதினாய். மையத்தின் விடைப் பட்டியலில் 20 என்று இருக்கிறது.

மொத்த வேலை 8 × 15 = 120. ஒரு பெண்ணின் வேலையை x என்று வைத்தால், நாட்கள் = 120 ÷ (2 + 8x). x ஒன்று என்றால் விடை 12. x அரை என்றால் விடை 20. கேள்வியில் x எவ்வளவு என்று சொல்லவில்லை. ஆகவே இரண்டு விடைக்கும் இடமிருப்பதாகத் தோன்றுகிறது. எனக்குத் தோன்றுவது தவறாகவும் இருக்கலாம்.

மூன்றாவது. அந்தக் கேள்வி ஒரு வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அதன் பழைய பதிப்பில், அத்தியாயத்தின் தொடக்கத்தில், "வேறு விதமாகக் கூறாதவிடத்து ஒரு பெண்ணாள் அரை ஆள் எனக் கொள்க" என்று ஒரு குறிப்பு இருந்தது. பின்னால் வந்த பதிப்புகளில் குறிப்பை எடுத்துவிட்டு விடையை மட்டும் விட்டுவைத்துவிட்டார்கள். எனவே பிழை அச்சிட்டவர்களுடையது என்றே சொல்ல வேண்டும்.

நான்காவது. ஒரு மதிப்பெண்ணுக்காகப் பெரிய இடத்தோடு வழக்காடுவது உனக்கு நல்லதா என்று யோசி. அடுத்த ஆண்டும் தேர்வு வரும்.

ஆசிகளுடன்,
மாமா

---

வல்லம் வடகால்
16-6-2025

அன்புள்ள மாமாவுக்கு மாரிசெல்வியின் வணக்கம்.

நான் இளைக்கவில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள். அத்தையின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் சொல்கிறார்கள், வாங்கி அனுப்புகிறேன். இந்த வாரம் காலை ஷிப்ட். ஹாஸ்டலில் குளிக்க வரிசை நிற்கிறது. என் முறை வருவதற்குள் எழுதுகிறேன்.

நீங்கள் கணக்கைப் போட்ட விதம் சரி மாமா. அந்த x-தான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

நான் இருப்பது கார்களுக்கு வயர் கட்டும் லைன். பத்துப் பேர். இரண்டு ஆண்கள், எட்டுப் பெண்கள். பரீட்சைத் தாளில் எங்கள் லைனே வந்து உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வினாடியில் 12 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இரண்டு பெண்கள் வராத நாளில் எங்கள் சூப்பர்வைசர் லோகேஷ் போனை எடுத்துக்கொண்டு என்ன கத்துவார் தெரியுமா? "ரெண்டு ஆள் ஷார்ட்டு சார், நான் எப்டி டார்கெட் எடுக்கறது?" ஒரு ஆள் ஷார்ட்டு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. வேலை வாங்கும்போது முழு ஆள், விடைப் பட்டியலில் அரை ஆளா?

இன்னொன்று. (அ) 10 என்றும் ஒரு விடை இருக்கிறது. உங்கள் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன். x = 1¼ என்றால் 10 வருகிறது. ஒரு பெண் ஒன்றேகால் ஆள். x சொல்லப்படவில்லை என்றால் அதற்கும் இடமிருக்கிறதுதானே? உங்களுக்கு அரை மட்டும் எப்படித் தோன்றியது?

ஐஸ்வர்யா பென்னலூர்ப் பெண். நிலம் கம்பெனிக்குப் போனபிறகு அவர்கள் வீட்டில் மூன்று பேர் ஷிப்டுக்குப் போகிறார்கள். அவளிடம் கேட்டேன், நீ எப்படி இருபது போட்டாய் என்று. "எனுக்கும் பன்னெண்டுதான் வந்துச்சு. புக்குல இருபதுன்னு கீது. மார்க் போடறவன் புக்க வச்சிக்கினுதான போடறான்? உனுக்கு இன்னாத்துக்குடி இந்த வேல" என்றாள். அவள் கெட்டிக்காரி. எனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் வராது.

ஆட்சேபம் தெரிவிக்க 30-ஆம் தேதி கடைசி நாள். கணிதத்தில் முதுகலை படித்த ஒருவரின் கையெழுத்தோடு தர வேண்டுமாம். நீங்கள் எம்.எஸ்ஸி., பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். "விடை 12" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இரண்டு வரி போதும். எனக்குத் தெரிந்தவர்களில் உங்களைத் தவிர எம்.எஸ்ஸி. யாருமில்லை.

அந்தப் பழைய பதிப்பு உங்களிடம் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
மாரிசெல்வி

---

பாளையங்கோட்டை
20-6-2025

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு வெயில் குறைந்து காற்று தொடங்கிவிட்டது. அத்தைக்கு வலி சற்றுத் தேவலை. உனக்கென்று நார்த்தங்காய் ஊறுகாய் கட்டி வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

கையொப்பம் கேட்டிருந்தாய். நான் ஓய்வுபெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. என் கையொப்பத்துக்கு இப்போது என்ன மதிப்பு இருக்கும் என்று தெரியவில்லை. பணியில் இருந்தபோதும் கோப்புகளில் சுருக்கொப்பம்தான் இட்டிருக்கிறேன். முழுப் பெயரில் ஒப்பமிடுவது எனக்கு மேலே இருந்தவர்களின் வேலை. ஆகவே பணியில் உள்ள ஒரு பேராசிரியரை நீ அணுகுவது மேல் அல்லவா? அக்கம்பக்கத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை.

ஒன்றேகால் ஆள் என்று எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். கணக்கில் பிழையில்லை.

பழைய பதிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். வீட்டில் புத்தகங்கள் நிறைய. எது எப்போது வந்தது என்று இப்போது சொல்வது கடினம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

---

வல்லம் வடகால்
23-6-2025

மாமாவுக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம்.

ஊறுகாய் வேண்டாம். கையெழுத்துதான் வேண்டும். இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

இரண்டு கல்லூரிகளுக்குப் போனேன். ஒன்றில் கேட்டையே தாண்ட விடவில்லை. இன்னொன்றில் ஒரு சார் தாளைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு என்று வாயால் சொன்னார். எழுதித் தரமாட்டாராம். "எதுக்கும்மா எனக்கு வம்பு" என்றார். நீங்களும் அதைத்தான் சொல்கிறீர்கள்; நாலு பக்கத்தில் சொல்கிறீர்கள்.

இதற்காக இரண்டு நாள் லீவு போட்டேன். லைனில் இரண்டு நாளும் ஒரு ஆள் ஷார்ட்டு. அரை ஆள் இல்லை.

மாரிசெல்வி

---

வல்லம் வடகால்
25-6-2025

திரு. ச. நம்பிராஜன், எம்.எஸ்ஸி. அவர்களுக்கு,

இன்று பயிற்சி மையத்துக்குப் போயிருந்தேன். மையம் நடத்துகிற பரசுராமன் சார், நான் மூன்றாவது தடவையாக வந்ததைப் பார்த்ததும், "மறுபடியும் அந்தப் பதினேழா?" என்று கேட்டுவிட்டு, பீரோவைத் திறந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து மேஜைமேல் போட்டார். அட்டை பழுப்பேறி, முதுகில் டேப் ஒட்டியிருந்தது. முதல் பதிப்பு, 1994. "பாரும்மா. குறிப்பே போட்ருக்காரு, பெண்ணாள் அரை ஆள்னு. எழுதனவரு எம்.எஸ்ஸி. நீ இன்னா படிச்சிருக்க, பி.காமா?" என்றார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

முன்னுரையைப் புரட்டினேன். "எண்கணிதப் பகுதியை உருவாக்கித் தந்த திரு. ச. நம்பிராஜன், எம்.எஸ்ஸி., பாளையங்கோட்டை, அவர்களுக்கு நன்றி."

அந்தப் பெயரைக் காட்டி, இவர் என் தாய்மாமா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. என்னை நினைத்து வெட்கமில்லை.

பிழை அச்சிட்டவர்களுடையது என்று எழுதினீர்கள். புத்தகம் எப்போது வந்தது என்று சொல்வது கடினம் என்று எழுதினீர்கள். பேராசிரியரைத் தேடிப் போ என்று எழுதினீர்கள். நான் இரண்டு நாள் லீவு போட்டு ஒவ்வொரு கேட்டாக நின்றேன். அந்த இரண்டு நாளும் நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தீர்கள், உங்கள் புத்தகத்தோடு.

என் கேள்வி ஒன்றுதான். விடை 12-ஆ, 20-ஆ? பதில் ஒரு எண்ணாக இருந்தால் போதும்.

மா. மாரிசெல்வி
விண்ணப்ப எண் 0117

---

பாளையங்கோட்டை
27-6-2025
(விரைவு அஞ்சல்)

மாரிசெல்விக்கு,

12.

சுகம் விசாரிக்க எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

1994-இல் நான் தேர்வுப் பிரிவில் எழுத்தர். அங்கே வேலை செய்பவர்கள் தேர்வுக்கான புத்தகம் எழுதக்கூடாது. என் பெயர் வராது என்று பதிப்பாளர் வாக்குக் கொடுத்ததால் எழுதினேன். முன்னுரையில் நன்றி சொல்லிவிட்டார். அடுத்த பதிப்பில் எடுக்கவைக்கும் வரை யார் என்னைக் கூப்பிட்டாலும் அதற்காகத்தான் என்று நினைப்பேன். அந்தப் பழக்கம் போகவில்லை. ஓய்வூதியம் வாங்குகிறவனை யார் என்ன செய்ய முடியும் என்று எனக்கே நான் சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் உனக்கு எழுதும்போது கை வேறு எதையோ எழுதியது.

அரை எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். எங்கேயும் தேடவில்லை. கல்லூரி விடுமுறையில், நம் ஊர்ப் பண்ணையார் சுப்பராயன் வயலில் அறுப்பு நடக்கும்போது, ஆள்கணக்கு எழுத என்னைக் கூப்பிடுவார்கள். வரப்பில் நின்று பெயர் பெயராக எழுதுவேன். ஆண் பெயருக்கு நேரே 1. பெண் பெயருக்கு நேரே ½. எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். அதில் மாடத்தி என்ற பெயரும் இருந்தது. என் தங்கை பெயருக்கு நேரே அரை போட்டுவிட்டுத்தான் எம்.எஸ்ஸி. படிக்கப் போனேன். பின்னால் புத்தகம் எழுதும்போது அது எனக்கு ஊர்வழக்கமாகத் தோன்றவில்லை. கணித விதி போலத் தோன்றியது. இதை அம்மாவிடம் சொல்லாதே.

இத்துடன், முழுப் பெயரில் கையொப்பமிட்ட அறிக்கை வைத்திருக்கிறேன். அதில் உள்ளவை:

1. பதினேழாம் கேள்விக்குச் சரியான விடை 12.
2. 20 என்ற விடையையும் பழைய பதிப்பின் குறிப்பையும் எழுதியவன் நானே.
3. எனினும், அப்புத்தகத்தை நம்பிப் படித்து 20 என்று எழுதியவர்கள் பாதிக்கப்படலாகாது. ஆகவே இரு விடைகளுக்கும் மதிப்பெண் வழங்குவது நியாயமாகும்.

திங்கட்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். அன்றே கொடுத்துவிடு.

நம்பிராஜன்

---

வல்லம் வடகால்
27-7-2025

மாமாவுக்கு,

ஜூலையில் நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் வந்தன. முடிவு தெரியாமல் என்ன எழுதுவது என்று விட்டுவிட்டேன். இப்போது தெரிந்துவிட்டது.

உங்கள் அறிக்கையைக் கடைசி நாளில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பரசுராமன் சார் பெயரைப் படித்தார், பழைய புத்தகத்தை எடுத்து ஒத்துப் பார்த்தார், அப்புறம் என்னை உட்காரச் சொன்னார். உங்கள் பெயருக்கு இன்னும் மதிப்பிருக்கிறது.

வெள்ளிக்கிழமை திருத்திய பட்டியல் ஒட்டினார்கள். "கேள்வி 17: விடை 12, 20 இரண்டும் ஏற்கப்படுகின்றன." எனக்கு ஒரு மதிப்பெண் கூடி 62. சக்திகுமார் 20 எழுதியவர், அவருக்கும் அதே 62. சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு இடமாம். அவர் என்னைவிட நாலு மாதம் மூத்தவர்.

நான் பரசுராமன் சாரிடம் சண்டை போட்டேன். அவர் சத்தம் போடவில்லை. உங்கள் அறிக்கையைத் திருப்பி வைத்து மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "உங்க மாமாவே ரெண்டும் சரின்ட்டாரும்மா. நான் இன்னா பண்றது?"

மாமா, 12-உம் சரி, 20-உம் சரி என்றால், எட்டுப் பெண்கள் எட்டு ஆளும் ஆவார்கள், நாலு ஆளும் ஆவார்கள். அவரவர் வசதிப்படி. இது எந்த இயற்கணிதத்தில் வருகிறது? சக்திகுமார் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் படப்பையில் நாலு பேரோடு ஒரே அறையில் இருந்துகொண்டு படித்தவர். அவரைக் காப்பாற்ற நினைத்தீர்கள், சரி. ஆனால் யாருக்கும் மனம் நோகாமல் எழுதவேண்டும் என்று நினைத்தபோது, எதிரே நிற்கிறவள் நான் என்பது உங்களுக்கு எப்படி மறந்தது?

முப்பது வருஷத்துக்கு முன்னால் அரை போட்டது தெரியாமல் செய்தது. அதைக்கூட நான் மன்னித்திருப்பேன். இது தெரிந்து செய்தது. முதல் வரியில் என்னை முழு ஆளாக்கினீர்கள். மூன்றாவது வரியில் பழையபடி அரையாக்கினீர்கள்.

ஆகஸ்ட் 8-ஆம் தேதி சேர்க்கை முடிகிறது. அடுத்த வருஷம் எழுது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மாரிசெல்வி

---

பாளையங்கோட்டை
31-7-2025

மாரிசெல்விக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாட்களாகப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பதிலும் "எனினும்" என்ற சொல்லில் போய் நிற்கிறது. ஆகவே எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குப் பதிவு செய்திருக்கிறேன்.

நம்பிராஜன்

---

ஸ்ரீபெரும்புதூர்
4-8-2025, திங்கள் மாலை

அன்பு மருமகளுக்கு,

நீ ஷிப்டில் இருப்பதால் இக்கடிதத்தை உங்கள் ஹாஸ்டல் காவலாளி நாகப்பனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அத்தை கொடுத்த ஊறுகாயும் அவரிடம் இருக்கிறது. நான் நலம். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் அறை எடுத்திருக்கிறேன். வியாழன் வரை இருப்பேன்.

கிளம்பும் முன் ஊருக்குப் போய் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கணக்கைப் படித்துக் காட்டினேன், அரை எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். சுளகை நிறுத்தவே இல்லை. கடைசியில் சொன்னாள்: "அறுப்புல எனக்கு முன்னால எவன் போனான், பின்னால எவன் வந்தான்னு நீ வரப்புல நின்னு பாத்துக்கிட்டுத்தானண்ணே இருந்த. கண்ணு அரைக்கண்ணாவா தெரிஞ்சுது?" கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலை நிரப்பிப் பையில் வைத்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது மாரிசெல்வி. உன் அம்மாவுக்கு முன்னால் யாரும் போனதில்லை. பார்த்துக்கொண்டே எழுதினேன்.

இன்று காலை முதலில் படப்பைக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் நசுங்கி உட்கார்ந்திருந்தபோது, திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. சக்திகுமாரின் அறையைக் கண்டுபிடித்தேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை. நான் இன்னார் என்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சட்டையை மாட்டிக்கொண்டார். நான் செய்யப்போவதைச் சொன்னேன். அவர் இடம் போய்விடும் என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர், "உங்க புக்க ரெண்டு தடவ முழுசாப் போட்டிருக்கேன் சார். அந்தக் கணக்கு மட்டும் வெளங்கல. அதனால மனப்பாடம் பண்ணிட்டேன்" என்றார். வாசல் வரைக்கும் வந்தார். "அடுத்த வருசத்துக்கு எந்த புக்கு வாங்கட்டும் சார்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடுதான் பயிற்சி மையத்துக்குப் போனேன். கோபம் எனக்கு வராது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். வந்தபோது குரல் நடுங்கவில்லை. பரசுராமன் தேநீர் வரவழைத்து, பட்டியல் ஒட்டியாகிவிட்டது, இனிமேல் கல்லூரிக்கு எப்படிச் சொல்வது, உங்கள் பெயருக்கும் நல்லதில்லை என்று மரியாதையாகப் பேசிக்கொண்டு போனார். அந்தப் பேச்சு எனக்குப் பழக்கமானது. நான் உனக்கு ஜூனில் எழுதிய கடிதத்தை அவர் வாய்விட்டுப் படிப்பது போல இருந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது என்று நினைக்கிறேன்.

"இருபது போட்ட புள்ளைங்களுக்கு யார் சார் பதில் சொல்றது?" என்று கேட்டார். நான் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன் என்றேன். படப்பையில் ஒருவருக்குச் சொன்னேன், மற்றவர்கள் முகவரி தந்தால் அவர்களுக்கும் சொல்கிறேன், நீங்கள் விடைப் பட்டியலை எடுங்கள் என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வகுப்பிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

நான் புதிதாக ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்ததும் அவர் பட்டியலை எடுத்தார். 20-ஐ அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டு, முத்திரை வைத்தார். கல்லூரிக்கு என் எதிரிலேயே பேசினார். 12 மட்டும் என்றால் உனக்கு 62, சக்திகுமாருக்கு 61. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு உன்னை வரச் சொல்கிறார்கள். லோகேஷிடம் லீவு சொல்லிவிடு. ஒரு ஆள் ஷார்ட்டு என்று கத்தட்டும்.

பதிப்பாளருக்கும் எழுதிவிட்டேன், இனி அச்சிடும் புத்தகத்தில் அந்தக் கணக்கு இருக்கக்கூடாது என்று. அவர் கேட்பாரா என்று தெரியாது.

இன்று மையத்தில் எழுதிக் கொடுத்ததன் நகலை உனக்காக இங்கே எழுதுகிறேன். சிறியதுதான்.

"பதினேழாம் கேள்வி குறித்து 27-6-2025 அன்று நான் கையொப்பமிட்டுத் தந்த அறிக்கையில் மூன்று கருத்துகள் இருந்தன. முதலாவது சரி. இரண்டாவது சரி. மூன்றாவது தவறு.

சண்முகசுந்தரம் நம்பிராஜன்."